மாநகராட்சி மன்றம் வாங்கும் வண்டியும் தர வேண்டிய பணப்பலனும்: ஓர் எளிய விளக்கம்

மாநகராட்சி மன்றம் கூடுவதற்குச் சில நாள் முன்பு உறுப்பினர்களின் வீட்டுக்கு ஒரு கட்டுத் தாள் வரும். அதற்குக் கூட்டப் பொருள் என்று பெயர். அதில் ஒரு பக்கத்தில் கழிவுநீர் உறிஞ்சும் வண்டி வாங்க அனுமதி கேட்டிருப்பார்கள். அடுத்த பக்கத்தில் ஓய்வுபெற்ற பணியாளர் ஒருவருக்கு நீதிமன்ற உத்தரவுப்படி நிலுவையும் வட்டியும் வழங்க அனுமதி கேட்டிருப்பார்கள். முதல் பொருளில் ஆர்வமாகப் பேச்சு நடக்கும். இரண்டாவது "அனுமதிக்கப்பட்டது" என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். உண்மையில் ஒன்றுதான் பிறகு மற்றொன்றாக மாறுகிறது. வண்டி வாங்கும்போதே அதை யார் ஓட்டுவது, அவருக்கு யார் சம்பளம் தருவது, வருங்கால வைப்பு நிதியை (பி.எஃப்.) யார் கட்டுவது என்பதெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே வண்டி சில ஆண்டுகளில் ஊழியர் வழக்காக மன்றத்துக்குத் திரும்பி வரும். இதைத் தமிழ்நாட்டு மாநகராட்சிகளை வைத்துப் பார்ப்போம். நகராட்சிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

யார் எதை முடிவு செய்கிறார்கள்

தமிழ்நாட்டில் 25 மாநகராட்சிகள் உள்ளன. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான 2023 விதிகளும் இவற்றை இயக்குகின்றன. மேயரும் மாமன்ற உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆணையர் அரசு நியமிக்கும் அதிகாரி. பொதுவாகச் சொன்னால் மன்றம் அனுமதிக்கிறது, ஆணையர் செயல்படுத்துகிறார். குறிப்பிட்ட தொகை வரை ஆணையரே செலவிடலாம். அதற்கு மேல் குழுவுக்கும், அதற்கும் மேல் மன்றத்துக்கும் போக வேண்டும். இன்னும் பெரிய தொகை என்றால் நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கோ அரசுக்கோ போகும். மாநகராட்சியின் நிலையைப் பொறுத்து இந்த வரம்புகள் மாறும். ஊழியர் நியமனம், பதவி உயர்வு போன்றவை நியமனக் குழு வழியாக நடக்கும்.

எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று தேர்ந்தெடுப்பது மன்ற உறுப்பினரின் வேலை அல்ல என்பதைப் புதியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தேர்வு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) விதிகளின்படி நடந்தாக வேண்டும். இந்தப் பொருள் தேவையா, எந்த நிதியிலிருந்து, என்ன விவரக்குறிப்போடு, யார் இயக்குவார்கள் என்று கேட்பதுதான் உறுப்பினரின் அதிகாரம். அது சிறிய அதிகாரம் அல்ல.

ஒவ்வொரு பொருளின் கடைசி வரியையும் கவனிக்க வேண்டும். "மன்றத்தின் அனுமதிக்கு" என்றிருந்தால் இன்னும் எதுவும் நடக்கவில்லை. "பார்வைக்கும் பதிவுக்கும்" என்றால் தகவல் சொல்கிறார்கள், அவ்வளவே. "பின்னேற்புக்கு" என்றால் மேயரின் முன் அனுமதியோடு வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது. வெள்ளம், குழாய் உடைப்பு போன்ற அவசரத்தில் பின்னேற்பு நியாயம்தான். ஆண்டுதோறும் தேவைப்படும் என்று முன்பே தெரிந்த வண்டிக்குப் பின்னேற்பு கேட்டால், ஏன் முன்கூட்டியே கொண்டுவரவில்லை என்று உறுப்பினர் கேட்டே ஆக வேண்டும்.

வண்டிக்கு இருக்கும் பணம் சம்பளத்துக்கு ஏன் இல்லை

ஊழியர் போராட்டங்களில் அடிக்கடி எழும் நியாயமான கேள்வி இது. மாநகராட்சிக்கு வரும் பணம் எல்லாம் ஒரே பணம் அல்ல. சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, உரிமக் கட்டணம் போன்றவை பொது நிதிக்கு வரும். சம்பளம், ஓய்வூதியம், நிலுவை எல்லாம் அதிலிருந்தும் மாநில நிதிக்குழுப் பகிர்விலிருந்தும்தான் போக வேண்டும். குடிநீர் மற்றும் வடிகால் நிதிக்குத் தனிக் கணக்கு உண்டு. தொடக்கக் கல்வி நிதியும் தனி.

மத்திய நிதிக்குழு மானியம் இன்னொரு வகை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை, 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் தூய்மைக்கும் என்று கட்டிவைத்தது. மீதமுள்ள 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் கூடாது என்றது. தூய்மை இந்தியா திட்டப் பணமும் அந்தத் திட்டம் சொல்லும் வேலைகளுக்கே.

இதன் விளைவு என்ன? குப்பை வண்டி வாங்க மானியம் கிடைக்கும். அதை ஓட்டுபவரின் சம்பளமும் டீசலும் டயரும் பொது நிதியின் தலையில் விழும். பொது நிதி நலிந்த ஊரில் புது வண்டிகள் வரிசையாக நிற்கும், ஓய்வுபெற்றவருக்கு மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி) நிற்காமல் தள்ளிப்போகும். எனவே மானியத்தில் வாங்கும் எந்த இயந்திரத்துக்கும், அதன் ஆண்டு இயக்கச் செலவு எவ்வளவு, எந்தத் தலைப்பில் என்று ஒரு வரி கூட்டப் பொருளிலேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒரு வண்டி வாங்கப்படும் வழி

தேவை எழும் இடம் பொதுச் சுகாதாரப் பிரிவு அல்லது பொறியியல் பிரிவு. அவர்கள் மதிப்பீடு தயாரிப்பார்கள். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, நிதி ஒதுக்கீடு ஆகிய மூன்றும் வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தேதியில் பின்தங்கினால் தணிக்கையில் மாட்டும்.

அடுத்தது ஒப்பந்தப்புள்ளி. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு அடிப்படை. அழைப்பவர், ஏற்பவர், ஆராயும் குழு என்று மூன்று பொறுப்புகளைச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. 2 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் நிறுவனங்களுக்கு அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமானால் அழைப்பவருக்கு மேலுள்ள அதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். 3 கோடி வேலையை இரண்டாக உடைத்து 15 நாள் அறிவிப்பாக்குவது பழைய தந்திரம். ஒரே மாதத்தில் ஒரே வகை வண்டிக்கு இரண்டு அறிவிப்பு கண்டால் அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும்.

நிறுவனங்கள் வழக்கமாக மதிப்பில் 1 விழுக்காட்டை முன்வைப்புத் தொகையாகக் கட்டும். வெற்றி பெற்றவர் 5 விழுக்காடு வரை பாதுகாப்பு வைப்பு கட்டுவார். தொழில்நுட்ப உறை முதலில் பிரிக்கப்படும். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிறகு பிரிப்பார்கள். இப்போது இதெல்லாம் இணையவழியில் நடப்பதால் உறை என்பது பேருக்குத்தான், முறை மாறவில்லை. குறைந்த விலை கொடுத்தவருக்கே ஆணை. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதானால் அந்த முதல் இடத்தவரோடு மட்டுமே பேசலாம். இரண்டாம் இடத்தவரை அழைத்துப் பேசினால் முழு நடவடிக்கையும் ரத்தாகும் நிலை வரும். முடிவில் குறையிருப்பதாகக் கருதும் நிறுவனம், உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தும் தவறான வண்டி வந்து நிற்கும். ஏனென்றால் தவறு பெரும்பாலும் விவரக்குறிப்பிலேயே நடந்துவிடுகிறது.

கழிவுநீர் அடைப்பெடுக்கும் வண்டியை எடுத்துக்கொள்வோம். உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் பகுதி ஒன்று, சேற்றை உறிஞ்சும் பகுதி இன்னொன்று. விவரக்குறிப்பில் "6,000 லிட்டர் தொட்டி" என்று மட்டும் எழுதினால் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு, சேற்றுக்கு எவ்வளவு என்பது நிறுவனத்தின் விருப்பமாகிவிடும். நல்ல தண்ணீர் அறை சிறியதாக இருந்தால், பாதி வேலையில் தண்ணீர் தீர்ந்து வண்டி நிரப்பு நிலையத்துக்கு ஓடும். பம்பின் அழுத்தம் மட்டும் போதாது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதும் வேண்டும். அழுத்தம் அடைப்பை உடைக்கும், ஓட்டம்தான் உடைந்ததை அடித்துக்கொண்டு போகும். குழாயின் நீளம், விட்டம், முனைகளின் வகை, எண்ணிக்கை எல்லாம் எழுதப்பட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆழம். வெற்றிடத்தால் தண்ணீரை மேலே இழுக்க இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டர். அதற்கும் ஆழமான ஆள்நுழைவுக் குழி ஊரில் இருந்தால், காற்றையும் கலந்து வேகமாக இழுக்கும் பெரிய ஊதுகருவி கொண்ட வண்டியோ, குழிக்குள் இறக்கும் பம்போ வேண்டும். சாதாரண வண்டியை வாங்கிவிட்டால் அடியில் சேறு தங்கிவிடும். பிறகு "கொஞ்சம் இறங்கிக் கிளறிவிடு" என்று ஒரு மனிதரிடம் சொல்லுவார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கும் செயல் அது. பல சாவுகள் இப்படித்தான் நடக்கின்றன. கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. அந்தத் தொகையும் எந்த உயிருக்கும் ஈடாகாது. தன் ஊரின் மிக ஆழமான குழி எத்தனை மீட்டர் என்று மதிப்பீட்டில் எழுதச் சொல்வது உறுப்பினர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களில் ஒன்று.

தெருவின் அகலமும் அப்படியே. 3 மீட்டர் சந்துகள் நிறைந்த பழைய நகரப் பகுதிக்குக் குப்பையை நசுக்கி ஏற்றும் பெரிய அழுத்தி வண்டி போகாது. வீடு வீடாகக் குப்பை சேகரிக்கச் சிறிய மின்கல வண்டி, பிரதான சாலையில் அழுத்தி வண்டி என இரண்டையும் கணக்குப் போட்டே எண்ணிக்கை முடிவாக வேண்டும். மின்கல வண்டிக்கு எத்தனை கிலோ சுமையோடு ஒரு முறை மின்னேற்றத்தில் எத்தனை கிலோமீட்டர், மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுத வேண்டும். சுமை இல்லாமல் ஓடும் தூரத்தை நிறுவனம் பெரிதாகச் சொல்லும். குப்பை ஏற்றியபின் மேம்பாலம் ஏறாத வண்டிகளின் கதை இங்கே தொடங்குகிறது.

பராமரிப்பையும் விலை உறையிலேயே கேட்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: முதல் நிறுவனம் வண்டிக்கு 62 லட்சம், ஆண்டுப் பராமரிப்புக்கு 4 லட்சம் கேட்கிறது. இரண்டாவது நிறுவனம் 66 லட்சமும் ஆண்டுக்கு 2.5 லட்சமும் கேட்கிறது. வண்டி விலையை மட்டும் பார்த்தால் முதலாமவர் மலிவு. ஐந்து ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்தால் முதலாமவர் 82 லட்சம், இரண்டாமவர் 78.5 லட்சம். எந்த அடிப்படையில் ஒப்பிடப்போகிறோம் என்பதை அறிவிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். விலை உறையைப் பிரித்தபின் அடிப்படையை மாற்ற முடியாது.

குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் தயாரிப்பை அப்படியே வருணிக்கும் விவரக்குறிப்பு இன்னொரு நோய். ஒரே ஒருவர்தான் தகுதி பெற்றார் என்று வந்தால், மில்லிமீட்டர் வரை எழுதப்பட்ட அளவுகளைத் தேடிப் பாருங்கள். அந்த அளவு எந்த வேலைக்குத் தேவை என்று பொறியாளர் சொல்ல முடியாவிட்டால் அது தேவைக்காக எழுதப்பட்டதல்ல.

வண்டி வந்தபின் ஆய்வு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவு, காப்பீடு, ஓட்டுநருக்கும் இயக்குபவருக்கும் பயிற்சி, உதிரிப் பாகப் பட்டியல் இவையெல்லாம் முடிந்த பிறகே முழுப் பணம் தர வேண்டும். அடிச்சட்டம் ஒருவரிடம், மேல்கட்டு இன்னொருவரிடம் என்று பிரித்து வாங்கினால், பழுது வரும்போது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவார்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு உட்பட்ட டீசல் கனரக வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புகை சுத்திகரிக்கும் யூரியாக் கரைசலும் தொடர்ந்து ஊற்ற வேண்டும். அதற்கு ஒதுக்கீடு இல்லாமல் நின்றுபோகும் வண்டிகள் உண்டு.

ஓட்டுநர் எங்கே

இங்கேதான் இரண்டு பொருள்களும் ஒன்றாகச் சேருகின்றன. 10 வண்டி வாங்க அனுமதி வரும். 10 ஓட்டுநர் பணியிடத்துக்கு அனுமதி வராது, ஏனென்றால் நிரந்தரப் பணியிடத்தை அரசுதான் உருவாக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. தினக்கூலியிலோ ஒப்பந்த நிறுவனம் மூலமாகவோ ஆள் வருவார்கள். அவர்கள் அதே சீருடையில், அதே மேற்பார்வையாளரின் கீழ், ஆண்டுக்கணக்கில் வேலை செய்வார்கள். ஒருநாள் வைப்பு நிதி எங்கே, பணி நிரந்தரம் எங்கே என்று கேட்பார்கள். அப்போது மாநகராட்சி, "அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல" என்று பதில் மனு போடும்.

மாநகராட்சியில் வேலை செய்பவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் பணப்பலன் தகராறுகள் எளிதில் புரியும். முதல் வகை, 2003 ஏப்ரல் 1-க்கு முன் நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்கள். பழைய ஓய்வூதியம், பொது வருங்கால வைப்பு நிதி இவர்களுக்கு உண்டு. இரண்டாம் வகை, அந்தத் தேதியிலிருந்து சேர்ந்தவர்கள். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் 10 விழுக்காட்டை இவர்கள் கட்ட, அதே அளவு நிர்வாகமும் கட்ட வேண்டும் என்று அந்தத் திட்டம் வகுத்தது. மூன்றாம் வகை, தினக்கூலி, சுய உதவிக் குழு, ஒப்பந்தம் வழியாக வருபவர்கள். இவர்களுக்கு வைப்பு நிதியும், ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் மாநிலக் காப்பீடும்தான் பாதுகாப்பு.

பணிக்கொடை: கணக்கும் காலமும்

பணிக்கொடையை நெடுங்காலம் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. அதற்கு முன் ஓய்வு பெற்றவரின் உரிமை பழைய சட்டப்படிதான். கடைசி மாத அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஓர் ஆண்டாகும். உதாரணமாக, கடைசி ஊதியம் 39,000 ரூபாய், பணிக்காலம் 27 ஆண்டு 7 மாதம். 39,000-ஐ 26-ஆல் வகுத்தால் 1,500. 15 நாளுக்கு 22,500. 28 ஆண்டுக்கு 6,30,000 ரூபாய். உச்சவரம்பு 20 லட்சம்.

"மாநகராட்சி ஊழியருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, எங்களுக்குத் தனி விதி இருக்கிறது" என்ற பதிலைப் பலர் கேட்டிருப்பார்கள். டெல்லி மாநகராட்சி வழக்கில் 1998-லும் கான்பூர் மாநகராட்சி வழக்கில் 2019-லும் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது: சட்டம் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொருந்தும், அரசு விலக்கு அளித்திருந்தால் மட்டுமே வேறு.

தொகை 30 நாளுக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனு செய்யலாம். வழக்கமாக உதவித் தொழிலாளர் ஆணையர் அந்தப் பொறுப்பில் இருப்பார். 1972 சட்டத்தின் கீழ் தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி. மேலே சொன்ன 6,30,000 இரண்டு ஆண்டு தாமதமானால் வட்டி மட்டும் 1,26,000. மாநகராட்சி மேல்முறையீடு செய்ய விரும்பினால் தொகையை முதலில் கட்டிவிட்டே செய்ய வேண்டும். இப்படிப்பட்ட பொருள் மன்றத்துக்கு வரும்போது வட்டித் தொகையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டு முழுதும் கட்டிய வட்டியைக் கூட்டிப் பார்த்தால், நேரத்தில் கொடுத்திருந்தால் மிஞ்சியிருக்கும் பணம் தெரியும்.

ஓய்வு பெறும் மாதத்தில் வரும் பிடித்தம்

மிகவும் வேதனையான தகராறு இது. 15 ஆண்டுக்கு முன் ஊதிய நிர்ணயத்தில் ஓர் ஊக்க ஊதியம் தவறாகச் சேர்ந்திருக்கும். பணியாளருக்கு அது தெரியாது. அவர் ஓய்வு பெறும் நேரத்தில் உள்ளாட்சி நிதித் தணிக்கை பணிப்பதிவேட்டைப் புரட்டும், தடை (ஆட்சேபம்) எழுதும், சில லட்சத்தைப் பணிக்கொடையிலிருந்து பிடிக்க உத்தரவு வரும்.

இதற்கு 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மாநில வழக்கொன்றில் எல்லை போட்டது. கடைநிலை, எழுத்தர் நிலைப் பணியாளர்களிடம் பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவரிடமோ ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமோ பிடிக்கக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வந்திருந்தாலும் பிடிக்கக் கூடாது. ஊழியர் ஏமாற்றி வாங்கவில்லை என்பதே இதன் அடித்தளம். ஊதிய நிர்ணயத்தின்போது "தவறாக இருந்தால் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை சிக்கலாகும். 2016-இல் அப்படிப்பட்ட வழக்கில் பிடித்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எனவே கையெழுத்துப் போடும் தாளைப் படிக்க வேண்டும்.

ஊதியம் குறைவாக நிர்ணயமானவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தவறு மாதந்தோறும் தொடர்வதால் எப்போது வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்றாலும், நிலுவை பெரும்பாலும் வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டுமே கிடைக்கும். 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி அது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நிலுவையில் ஒரு மாதத்தைத் தின்கிறது.

இந்தத் தகராறுகளில் பாதி, பணிப்பதிவேடு சரியாக இருந்தால் எழாது. ஆண்டுக்கு ஒரு முறை பணியாளரிடம் பதிவேட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஈட்டிய விடுப்பு, ஊதிய உயர்வு, பெயர், பிறந்த தேதி, வாரிசு நியமனம் அத்தனையும் அதில்தான். வாரிசு நியமனம் பழைய பெயரிலேயே இருந்து, இறந்தபின் குடும்பம் நீதிமன்றம் ஏறுவது நடக்கிறது. கருணை அடிப்படையிலான வேலைக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அந்தத் தாமதம் குடும்பத்தை இரட்டிப்பாகப் பாதிக்கும்.

ஒப்பந்தப் பணியாளரின் வைப்பு நிதி

2011 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை மாநகராட்சிகளையும் நகராட்சிகளையும் வைப்பு நிதிச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. வேறு ஓய்வூதியத்துக்கு உரிமையுள்ளவர்களுக்கு அது பொருந்தாது. மற்றவர்களுக்குப் பொருந்தும்.

15,000 ரூபாய் ஊதியத்துக்குக் கணக்கு இது: தொழிலாளியிடம் 12 விழுக்காடு, அதாவது 1,800. நிர்வாகத் தரப்பில் இன்னொரு 1,800. நிர்வாகப் பங்கில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் 550 வைப்பு நிதிக்கும் போகும். ஆக மாதம் 3,600. ஒப்பந்தத்தில் 300 பேர் என்றால் மாதம் 10,80,000. ஒப்பந்த நிறுவனம் இதைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் போனால் யார் பொறுப்பு? முதன்மை வேலையளிப்பவரான மாநகராட்சி. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் அதன்மேல் அபராதமும் வரும். 21,000 வரை ஊதியம் பெறுபவர்களின் மாநிலக் காப்பீட்டுக்கும் இதே பொறுப்பு. அங்கே தொழிலாளி 0.75 விழுக்காடு, நிர்வாகம் 3.25 விழுக்காடு.

தடுக்கும் வழி எளிது. ஒப்பந்த நிறுவனம் மாதப் பணப்பட்டியல் கொடுக்கும்போது, முந்தைய மாதத்தின் வைப்பு நிதிச் செலுத்துச்சீட்டையும், பெயர் வாரியான பட்டியலையும், வங்கியில் சம்பளம் போட்ட சான்றையும் இணைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. மொத்தத் தொகைச் சீட்டு மட்டும் போதாது. வேலைக்கு வந்த 300 பேருக்குப் பதில் 220 பேருக்குக் கட்டிவிட்டு முழுப்பட்டியல் போடுவதுதான் வழக்கமான ஏமாற்று. வருகைப் பதிவேட்டையும் பெயர்ப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தொழிலாளர்களும் தங்கள் கணக்கு எண்ணில் மாதா மாதம் வரவு வருகிறதா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

சென்னையில் 2025 ஆகஸ்டில் நடந்ததை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்கும் மன்றத் தீர்மானத்தை எதிர்த்து, பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் அமர்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அகற்றியது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் தீர்மானத்தை ரத்து செய்யவில்லை, ஆனால் அவர்கள் கடைசியாக வாங்கிய ஊதியம் குறையக் கூடாது என்றது. இந்தப் பாதுகாப்பை ஒப்பந்த ஆவணத்திலேயே முதலில் எழுதியிருக்க முடியும். இயந்திரங்களின் எண்ணிக்கை, குப்பையின் எடை, அபராதம் எல்லாம் விவரமாக எழுதப்படும் ஓர் ஒப்பந்தத்தில், ஏற்கெனவே வேலை செய்யும் மனிதர்களின் ஊதியத்துக்கு ஒரு பத்தி கூடாதா?

பணி நிரந்தரம் பற்றிய சட்டம் நேர்கோட்டில் போகவில்லை. 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி என்கிறது. அது உள்ளாட்சிக்குப் பொருந்துமா என்பதில் வழக்குகள் உண்டு. 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் நிரந்தரம் கேட்க முடியாது என்றது. 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டப் பணியாளர்கள் வழக்கில், நிரந்தரமான வேலைக்குத் தற்காலிகமாக ஆள் வைத்து ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதை அதே நீதிமன்றம் ஏற்க மறுத்து, அவர்களை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னது. ஆகவே வேலையின் தன்மை, வேலை செய்த காலம், மேற்பார்வை யாருடையது என்பதற்கான ஆவணங்களே வழக்கைத் தீர்மானிக்கின்றன. வருகை அட்டை, சீருடை வழங்கிய பதிவு, வண்டிப் பதிவேட்டில் ஓட்டுநர் கையெழுத்து இவையெல்லாம் சாட்சி.

எந்தக் கதவைத் தட்டுவது

முதலில் ஆணையருக்கு எழுத்தில் மனு, தேதியிட்ட ஒப்புகையோடு. வாய்வார்த்தையாகப் பல ஆண்டு அலைந்தவர்களிடம் காட்ட ஒரு தாளும் இருப்பதில்லை. பணிக்கொடைக்கு மேலே சொன்ன தொழிலாளர் துறை அலுவலர். வைப்பு நிதிக்கு மண்டல வைப்பு நிதி அலுவலகம். பணிநீக்கம், கூட்டாகக் கேட்கும் சம்பளக் கோரிக்கை போன்றவை சமரச அலுவலர் வழியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும். மாநகராட்சியின் பல பிரிவுகள் தொழில் என்ற வரையறைக்குள் வரும் என்று நாக்பூர் மாநகராட்சி வழக்கில் 1960-லேயே சொல்லப்பட்டது. ஊதிய நிர்ணயம், ஓய்வூதியம், பிடித்த உத்தரவு ஆகியவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. தவறான இடத்தில் தொடங்கினால் "உரிய தீர்ப்பாயத்தை அணுகுக" என்று ஓரிரு ஆண்டு கழித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

இந்த எல்லா இடங்களிலும் முதலில் கேட்கப்படுவது பணிப்பதிவேட்டின் நகல். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பணிப்பதிவேடு முழுவதன் நகல், ஊதிய நிர்ணய உத்தரவுகள், தணிக்கைத் தடையின் நகல், தன் பெயர் வரும் மன்றத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும் என்று தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். "என் கோப்பு விவரம்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே மாநகராட்சியின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வண்டி வாங்கிய கோப்பையும் இதே வழியில் எந்தக் குடிமகனும் கேட்கலாம்: விவரக்குறிப்பு, ஒப்பீட்டுப் பட்டியல், ஆய்வு அறிக்கை, அந்த வண்டி கடந்த ஓராண்டில் ஓடிய நாள்களைக் காட்டும் ஓட்டப் பதிவேடு.